தலைவலிக்கு நரம்புத் தூண்டல் கருவி: பெங்களூரில் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களும், மாத்திரையைக் குறைக்க நினைப்பவர்களும் நரம்பைத் தூண்டும் சின்னக் கருவிகளைப் பற்றி இப்போது அதிகம் விசாரிக்கிறார்கள். நெற்றியிலோ கழுத்திலோ மேற்கையிலோ வைத்தால் லேசான மின்சாரம் பாய்ச்சும் கருவிகள் இவை. என் அக்காவுக்காக இப்படி ஒன்றைத் தேடி அலைந்தபோது, விலை சொல்ல நிறையக் கடைகள் இருந்தன. அது அனுமதி பெற்ற கருவியா என்று கேட்டால் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையன் ஆசையாகக் கூரியரில் அனுப்பிய கருவியும் விமான நிலையச் சுங்கத்தைத் தாண்டி வரவில்லை. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். பெங்களூரின் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் பங்கேற்று 2015-ல் வெளியான ஆய்வின்படி, கர்நாடகத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாவிட்டாலும், இந்தக் குறிப்பு தெரிந்த ஒருவருக்குப் பயன்படும்.

எந்தக் கருவி யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இங்கே நான் பேசுவது காகிதம், அனுமதி, செலவு, பாதுகாப்பு பற்றி மட்டும்.

1. முதலில் டாக்டர் சீட்டு

நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, வருவது எந்த வகைத் தலைவலி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒற்றைத் தலைவலிக்கு அனுமதி பெற்ற கருவி எல்லாத் தலைவலிக்கும் அனுமதி பெற்றதாகாது. திடீரென்று இடி விழுந்த மாதிரி வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, இதில் எதுவாக இருந்தாலும் கருவியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நிம்ஹான்ஸ் போகிறவர்கள் காலையில் சீக்கிரமே போய்விட வேண்டும், கூட்டம் அதிகம். தலைவலி எந்த நாளில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் பாராசிட்டமால் போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே தலைவலி வரலாம் என்பதால், இந்தக் கணக்கு அவருக்கு முக்கியம்.

சீட்டில் நான்கு விஷயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: நோயின் பெயர், கருவியின் வகை, எத்தனை கருவி, எத்தனை மின்வாய் ஒட்டுப்பட்டைகள் (தோலில் ஒட்டி மின்சாரம் பாய்ச்சும் ஜெல் பட்டை). டாக்டரின் பதிவு எண் கொண்ட முத்திரையும் இருக்க வேண்டும். பல டாக்டர்கள் கருவியின் பெயரை வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வெளியே வந்த பிறகு எழுதி வாங்குவது பெரும்பாடு. அந்த அறையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

2. உங்களுக்கு ஆகுமா என்று பாருங்கள்

நெற்றியில் ஒட்டும் வகைக் கருவிகளுக்கு மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-ல் தனிப் பிரிவு உண்டாக்கி, பெட்டியோடு வரும் கையேட்டில் என்னென்ன எச்சரிக்கை இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. நம் ஊரில் எந்தக் கருவி வாங்கினாலும் கையேட்டைப் பிரித்து இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இதயத் துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரை உடம்புக்குள் வைத்தவர்கள் அல்லது வெளியே அணிந்தவர்கள், தலைக்குள் உலோகத்தகடோ மின்னணுக் கருவியோ பொருத்தப்பட்டவர்கள் இதைத் தொடவே கூடாது. நெற்றிக்கான கருவியைக் கழுத்திலோ மார்பிலோ வைக்கக் கூடாது. குளிக்கும்போது, தூங்கும்போது, வண்டி ஓட்டும்போது, இயந்திரத்தில் வேலை செய்யும்போது கூடாது. அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் சும்மாதானே நிற்கிறோம் என்று காருக்குள் மாட்டிக்கொள்வது இந்தத் தடைக்குள்தான் வருகிறது. நீண்டகாலம் தொடர்ந்து பயன்படுத்தினால் என்ன விளைவு என்பது தெரியாது என்பதையும் கையேட்டில் சொல்லியாக வேண்டும் என்கிறது அந்த விதி. இந்த எச்சரிக்கைகள் எதுவுமே இல்லாமல், பக்கவிளைவே கிடையாது என்று மட்டும் அச்சடித்த கையேடு வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும், குழந்தைகளுக்காக வாங்குகிறவர்களும் டாக்டரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

3. எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நெற்றியில் ஒட்டுவது முப்பெருநரம்பைத் தூண்டும். செஃபாலி என்ற கருவி இந்த வகை. கழுத்தின் பக்கவாட்டில் வைப்பது வேகஸ் நரம்பைத் தூண்டும். காமாகோர் என்ற கருவி இந்த வகை. மேற்கையில் கட்டி மொபைல் செயலி மூலம் இயக்குவது நெரிவியோ. ஒரு தடவைக்கு 45 நிமிடம். நெரிவியோவை டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2023-ல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. இப்படி இங்கேயே முறையாக விற்கப்படும் கருவி உங்களுக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொன்னால் அதையே வாங்குங்கள். ஆறாவது பகுதியில் சொல்லும் இறக்குமதி அலைச்சல் உங்களுக்கு இருக்காது.

பிசியோதெரபி கிளினிக்கில் முதுகுவலிக்கு வைக்கும் டென்ஸ் மெஷின் இந்த வேலைக்கு ஆகாது. அதன் மின்னோட்டமும் ஒட்டுப்பட்டையும் நெற்றிக்காக வடிவமைக்கப்பட்டவை இல்லை. இரண்டும் ஒன்றுதான் சார் என்று சொல்லி அதையே கொடுக்கிறார்கள்.

4. பெட்டியில் லைசென்ஸ் எண்ணைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மருத்துவச் சாதனங்கள் விதிகள் 2017 என்று ஒரு சட்ட விதித் தொகுப்பு இருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் சில சாதனங்களுக்கு மட்டுமே பொருந்தியது. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் சட்டப்படி மருந்துக் கணக்கில் வந்துவிட்டன. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள். ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் லைசென்ஸ் முறை கட்டாயமானது. ஆகவே, இதற்கெல்லாம் லைசென்ஸ் தேவையில்லை சார் என்று கடைக்காரர் சொன்னால் அது பழைய கதை.

இறக்குமதிக் கருவி என்றால், டெல்லியில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதாவது சி.டி.எஸ்.சி.ஓ., தரும் எம்.டி-15 என்ற இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். இந்தியாவில் செய்தது என்றால் ஏ, பி வகுப்புக்கு மாநில அதிகாரி எம்.டி-5 தருவார்; சி, டி வகுப்புக்கு மத்திய அமைப்பு எம்.டி-9 தரும். மருந்துக் கடை லைசென்ஸ் இல்லாமல் சாதனங்களை மட்டும் விற்கும் கடைக்கு எம்.டி-42 என்ற பதிவுச் சான்று இருக்க வேண்டும். அதைக் கடையில் பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

இதெல்லாம் பெட்டியில் எப்படித் தெரியும்? இறக்குமதிக் கருவியின் லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், இந்திய இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், இறக்குமதி லைசென்ஸ் எண்ணும், லாட் எண்ணும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்), தயாரித்த தேதியும், ஒட்டுப்பட்டைக்குக் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். அதிகபட்சச் சில்லறை விலையும் எந்த நாட்டில் செய்தது என்பதும் நுகர்வோர் தொடர்பு எண்ணும் வேறு சட்டப்படி கட்டாயம்.

எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு கடையில் எனக்குக் காட்டிய பெட்டியைச் சொல்கிறேன். நல்ல தடித்த அட்டை, வெள்ளி எழுத்து, முன்பக்கம் நெற்றியில் பட்டை ஒட்டிய பெண்ணின் படம். திருப்பிப் பார்த்தால் சீன எழுத்தில் ஒரு பத்தி. அதன் மேல் கொஞ்சம் கோணலாக ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் ஒரு விலை, ஒரு ஊர்ப் பெயர், பத்து இலக்க மொபைல் எண். லைசென்ஸ் எண் இல்லை, லாட் எண் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. உள்ளே இருந்த ஒட்டுப்பட்டை உறையில் காலாவதித் தேதி அச்சடிக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பட்டையின் ஜெல் ஓரங்களில் காய்ந்து வெளுத்திருந்தது. காய்ந்த ஜெல் தோலில் முழுதாக ஒட்டாது. ஒட்டிய சிறு இடத்தில் மொத்த மின்னோட்டமும் பாயும். அங்கேதான் தோல் சுடும். எஃப்.டி.ஏ. விதி பட்டையின் ஒட்டும் தன்மையையும், அதில் மின்னோட்டம் பரவும் விதத்தையும், அது எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்பதையும் சோதித்துக் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

எண் இருந்தால் மட்டும் போதாது. அந்த எண்ணைப் படம் எடுத்து இறக்குமதியாளருக்கு அனுப்பி லைசென்ஸ் நகலைக் கேளுங்கள். நகலில் இந்த மாடலின் பெயர் இருக்கிறதா, செல்லுபடி முடியவில்லையா, எந்த நோய்க்கு என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தசை வலிக்கு லைசென்ஸ் வாங்கிய கருவியைத் தலைவலிக்கு விற்பது நடக்கிறது. நேர்மையான நிறுவனம் நகல் அனுப்பத் தயங்காது. சந்தேகம் தீரவில்லை என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். கன்னடம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

5. வெளிநாட்டு முத்திரைகளைக் கண்டு மயங்காதீர்கள்

இணையத்தில் விற்கும் பலவற்றில் எஃப்.டி.ஏ. ரெஜிஸ்டர்டு என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். தயாரிப்பாளர் தன் பெயரையும் பொருளையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார் என்பதுதான் அதன் அர்த்தம். கருவியைச் சோதித்து ஒப்புக்கொண்டதாக ஆகாது. கழுகுப் படம் போட்ட சான்றிதழ் ஒன்றையும் காட்டுவார்கள். எஃப்.டி.ஏ. அப்படி எந்தப் பதிவுச் சான்றிதழும் கொடுப்பதே இல்லை. உண்மையான அனுமதிக்குத் தனி எண் உண்டு, எஃப்.டி.ஏ.வின் இணையதளத்தில் கருவியின் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அதில், தலைவலிக்கான கருவி என்ற பிரிவில் வருகிறதா என்று பாருங்கள்.

ஐரோப்பாவின் சி.இ. குறிக்கு அருகே நான்கு இலக்க எண் இருக்க வேண்டும். அது சோதித்த அமைப்பின் எண். எண் இல்லாத வெறும் சி.இ. குறி என்றால், தயாரிப்பாளரே தன் பொருளுக்குச் சான்று சொல்லிக்கொண்டார் என்று பொருள். நோய்க்காக மின்சாரம் பாய்ச்சும் கருவிக்கு அது போதாது.

இன்னொரு வகை இருக்கிறது. விளம்பரத்தில் மைக்ரேன் போயே போச்சு என்பார்கள். பெட்டியில் மட்டும் மன அமைதிக்கான மசாஜர் என்று போட்டிருக்கும். நோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ வலியைக் குறைக்கவோ செய்த சாதனம் என்றாலே விதி பாயும் என்பதால், அந்தச் சொல்லைப் பெட்டியில் தவிர்த்துவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டால் உங்கள் கையில் எந்தப் பிடியும் இருக்காது. வாங்காதீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும், அமெரிக்க அனுமதியோ ஐரோப்பிய அனுமதியோ இந்திய லைசென்ஸுக்கு ஈடாகாது. எங்கள் பார்சல் நின்றது இதனால்தான். நல்ல கருவி, உண்மையான அனுமதி, ஆனால் அதை இறக்குமதி செய்ய இங்கே யாருக்கும் லைசென்ஸ் இல்லை.

6. வெளிநாட்டிலிருந்தே வரவழைக்க வேண்டும் என்றால்

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: பயணி தன் சொந்த உபயோகத்துக்குத் தன் பெட்டியில் கொண்டுவருவது. சிறிய அளவில் இதற்கு விதியில் இடம் உண்டு. கருவி அந்தப் பயணியின் சொந்தப் பொருளாகவும், அவர் மட்டுமே பயன்படுத்துவதாகவும் இருக்க வேண்டும். சுங்க அதிகாரி கேட்டால் அறிவிக்க வேண்டும். அத்தைக்காகக் கொண்டுவந்தேன் என்று சொன்னால் இந்தச் சலுகை பொருந்தாது. நோயாளியே வெளிநாடு போய் வரும்போது டாக்டர் சீட்டோடும் ரசீதோடும் கைப்பையில் கொண்டுவருவதுதான் சரி. பேட்டரி உள்ள கருவி என்பதால் செக்-இன் பெட்டியில் போட வேண்டாம்.

இரண்டாவது வழி: கூரியரிலோ தபாலிலோ வரவழைப்பது. இதற்கு சி.டி.எஸ்.சி.ஓ.விடம் எம்.டி-20 விண்ணப்பம் கொடுத்து எம்.டி-21 அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தோடு டாக்டர் சீட்டு கண்டிப்பாக வேண்டும். கேட்கும் அளவு நியாயமானது என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். முகவரி, அடையாளச் சான்றுகள், கருவியின் விவரத்தாள், விற்பவரின் விலைப்பட்டியல், நோயறிக்கையின் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தமிழர்களுக்கு இனிஷியல் விவகாரம் பெரிய தொல்லை: ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஆஸ்பத்திரி அட்டையில் ஒற்றை எழுத்து இருக்கும், விண்ணப்பம் திரும்பி வரும். ஆஸ்பத்திரியில் பதியும்போதே ஆதாரைக் காட்டிப் பதியுங்கள்.

வரிசை முக்கியம். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும், அதன் பிறகுதான் அனுப்பச் சொல்ல வேண்டும். பொருள் வந்து இறங்கிய பிறகு அனுமதிக்கு ஓடினால், அது கிடைக்கும் வரை கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறும். கூரியர் நிறுவனத்திலிருந்து ஆவணம் அனுப்புங்கள் என்று மட்டும் மின்னஞ்சல் வரும். எந்த ஆவணம் என்று சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. அனுமதிக்குச் சில வாரங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கேள்வி கேட்டுத் திருப்பினால் இன்னும் தள்ளிப்போகும்.

இதில் சிக்க வைக்கும் விஷயங்கள் இரண்டு. ஒட்டுப்பட்டை தீர்ந்தால் என்ன செய்வது? செஃபாலியின் பட்டை ஒன்றை ஏறக்குறைய இருபது தடவைதான் பயன்படுத்த முடியும். பட்டையை வரவழைக்கவும் இதே அனுமதி விதிதான். எனவே பல மாதங்களுக்குத் தேவையான பட்டைகளையும் சேர்த்தே சீட்டிலும் விண்ணப்பத்திலும் எழுதுங்கள். காலாவதித் தேதிக்குள் தீரும் அளவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, சில கருவிகள் வாங்கினால் மட்டும் ஓடாது. காமாகோர் குறிப்பிட்ட காலம் ஓடி நின்றுவிடும். தனி அட்டையால் அதைப் புதுப்பிக்க வேண்டும். செயலி மூலம் இயங்குபவை நாட்டுக்கு நாடு மாறலாம். இந்தியாவில், இந்திய மொபைல் எண்ணோடு இது இயங்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

7. செலவுக் கணக்கு

கருவியின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு ஆகும் பட்டைச் செலவு, இத்தனை தடவைக்கு மேல் ஓடாத கருவி என்றால் அடுத்த கருவியின் விலை, டாக்டர் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். நெரிவியோ மாதிரிக் கருவிகளில் எத்தனை சிகிச்சை என்று பெட்டியிலேயே இருக்கும். விலையை அந்த எண்ணால் வகுத்து, மாதம் எத்தனை தடவை தலைவலி வருகிறது என்பதால் பெருக்கினால் உண்மையான மாதச் செலவு தெரியும்.

மருத்துவச் சாதனங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய 12 சதவீதத்தில் பில் போட்டால் கேளுங்கள். அதிகபட்ச விலையைப் பன்னிரண்டு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற விதியும் இவற்றுக்குப் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வருவதற்குச் சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியரின் கிளியரன்ஸ் கட்டணம் மூன்றையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள், வெளிநோயாளிச் செலவுக்குப் பணம் வருமா என்று வாங்குவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் வராது.

இரண்டாம் கைக் கருவி மலிவாகக் கிடைக்கும். வேண்டாம்.

8. முதல் வாரம்

முதல் தடவை வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்து செய்யுங்கள். எண்ணெய் தேய்த்த நெற்றியில் பட்டை ஒட்டாது. சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். குங்குமம், விபூதி, சந்தனம் இருந்தால் அதையும் துடைத்துவிட வேண்டும். மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். எறும்பு ஊர்வது போல இருப்பது சகஜம். லேசாகத் தூக்கம் வரலாம். சிலருக்கு ஜெல் ஒத்துக்கொள்ளாமல் தோல் சிவக்கும். வலிக்கிற அளவுக்கு ஏற்றினால் பலன் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செஃபாலி கருவியை முன்பு பயன்படுத்திய 2,313 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பை எஃப்.டி.ஏ. 2014-ல் பரிசீலித்தது. அதில் 53 சதவீதம் பேர்தான் திருப்தி என்று சொன்னார்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று நினைத்துக்கொண்டு, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

9. ஏதாவது ஆகிவிட்டால்

தோல் சுட்டது, மயக்கம் வந்தது, நெஞ்சு படபடத்தது என்றால் உடனே கழற்றிவிட்டு டாக்டரைப் பாருங்கள். அப்புறம் புகார் செய்யுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்புகளைத் திரட்ட 2015-ல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800-180-3024, வேலை நாட்களில் அலுவலக நேரத்தில் எடுப்பார்கள். நோயாளியோ குடும்பத்தாரோ சொல்லலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. கருவியின் பெயர், மாடல், லாட் எண், லைசென்ஸ் எண், எப்போது என்ன ஆனது என்று கேட்பார்கள். அதனால் பெட்டியையும் பட்டை உறையையும் குப்பையில் போடாதீர்கள். சுட்ட இடத்தை அன்றே படம் எடுத்து வையுங்கள்.

பணம் சம்பந்தமான ஏமாற்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் விற்கிறார்கள் என்பது தனிப் புகார். அதை மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பில், பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், விளம்பரத்தின் நகல் மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். விளம்பரத்தை முதல் நாளே படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. புகார் போன மறுநாள் அது இணையத்தில் இருக்காது.